புல்வெளியில் கல் பொறுக்கிய கதை

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அமெரிக்க அனுபவங்கள்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னார் செயலாளர். அமெரிக்காவில் நான் பார்த்தது மகள் வீடு, வீட்டுக்குப் பக்கத்துக் கடை, அப்புறம் ஒரு பெரிய புல்வெளி. முதல் இரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் புல்வெளியைப் பற்றியும் அங்கே நான் பொறுக்கிய கற்களைப் பற்றியும் பேசுகிறேன். நம் துறைக்கு நான் ஒரு பாக்கி வைத்திருக்கிறேன். அதையும் இன்றைக்கே தீர்த்துவிட்டுப் போகலாம் என்று உத்தேசம்.

நான் 1973-76 பி.எஸ்ஸி. நிலவியல். எங்கள் பேராசிரியரைப் பற்றி இங்கே இருக்கிற பாதிப் பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் பக்கம் களப்பயணம் கூட்டிப் போவார். செம்மண் காட்டில், உச்சி வெயிலில் வரிசையாக நிறுத்திவிட்டு, "பளபளக்கிறதை எல்லாம் எடுக்காதீங்கப்பா. முதல்ல வெங்கச்சாங்கல்லை நல்லாத் தெரிஞ்சுக்குங்க. அது தெரிஞ்சவனுக்குத்தான் அது இல்லாதது எதுன்னு தெரியும்" என்பார். எங்களைப் பொறுத்தவரை அது சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடுகிற பேச்சு.

2013-ல் ஓய்வு பெற்றேன். அந்தக் கோடையிலேயே மகள் வீட்டுக்குப் போனோம். அவள் இருப்பது தெற்கு டகோட்டா மாநிலத்தில் ராப்பிட் சிட்டி என்ற ஊரில். மேற்கே பிளாக் ஹில்ஸ் மலை. கிழக்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் புல். மரம் என்றால் ஓடைக் கரையில் மட்டும்தான். முதல் நாள் காரில் போகும்போது என் மனைவி, "என்னங்க இது, யாரோ மழிச்சு விட்ட மாதிரி இருக்கு" என்றாள். அதைவிட நல்ல வர்ணனை எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் புல்வெளிக்குப் பெயர் பஃபலோ கேப் தேசியப் புல்வெளி. சுமார் 6 லட்சம் ஏக்கர். முழுவதும் ஒரே துண்டு கிடையாது. இடையிடையே தனியார் பண்ணைகள். அதன் வரலாறு நம் ஊர் மானாவாரி விவசாயிக்கு உடனே புரியும். இலவச நிலம் என்று நம்பிக் குடியேறியவர்கள் புல்லைப் புரட்டி உழுதார்கள். 1930-களில் மழை பொய்த்தது. வேர் பிடிப்பு இல்லாத மண் புழுதிப் புயலாகப் பறந்தது. பலர் நிலத்தை விட்டுவிட்டுப் போனார்கள். அரசாங்கம் அந்த நிலங்களைத் திரும்ப வாங்கிப் புல் வளர்த்தது. 1954-ல் அவை வனத்துறைக்கு வந்தன; 1960-ல் தேசியப் புல்வெளி என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அனுமதி வாங்கி மாடு மேய்க்கிறார்கள். வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். இது அங்கே எழுதாத சட்டம்.

இந்தப் புல்லுக்கு நடுவே அங்கங்கே புல் இல்லாத மேடுகள் உண்டு. மண் அரித்து, உள்ளே இருந்த சரளைக்கல் மேலே பரப்பிக் கிடக்கும். அந்தச் சரளையில்தான் ஃபேர்பர்ன் அகேட் கிடைக்கிறது. ஃபேர்பர்ன் என்பது ராப்பிட் சிட்டிக்குத் தெற்கே, நூறு பேர்கூட இல்லாத ஒரு சிற்றூர். அந்த ஊர் பெயரைத் தாங்கிய கல் 1966-ல் மாநில ரத்தினக்கல் ஆனது.

நிலவியல் படிக்காத நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. அகேட் என்பது சிலிக்கா. நம் வெங்கச்சாங்கல்லின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. பாறையில் இருந்த பொந்துக்குள் அடுக்கடுக்காகப் படிந்ததால் வரிவரியாக இருக்கும். வரி இல்லாமல் சிவப்பாக இருந்தால் அதுவே சூதுபவளம். நம் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த மணிகள் ஞாபகம் இருக்கும். அந்தக் கல் நம் மண்ணில் விளைந்ததல்ல, குஜராத், மகாராஷ்டிரப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குஜராத்தில் கிடைப்பதும், உலகத்தில் பெரும்பாலான அகேட்டும் எரிமலைப் பாறையில் உண்டானவை. ஃபேர்பர்ன் அப்படியில்லை. அது சுண்ணாம்புப் பாறையில் பிறந்தது. மேற்கே பிளாக் ஹில்ஸில் மின்னலூசா என்று ஒரு பாறை அடுக்கு, ஏறத்தாழ 30 கோடி ஆண்டு பழையது. அதில் டீப்பி கேன்யன் என்ற இடத்தில் இதே மாதிரிக் கல் இன்னும் பாறைக்குள்ளேயே இருக்கிறது. மலை மேலெழும்பியபோது பாறை கரைந்து, கல் மட்டும் ஆற்றோடு கிழக்கே உருண்டு வந்து புதைந்தது என்பது பெரும்பாலானோர் கருத்து. அதன்மேல் எரிமலைச் சாம்பலும் களிமண்ணும் மூடின. இப்போது அந்த மூடியை மழை கரைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்திலுள்ள பேட்லாண்ட்ஸ் குன்றுகள் ஆண்டுக்கு ஓர் அங்குலம் கரைகின்றன என்று கணக்குச் சொல்கிறார்கள். பாறைக் கணக்கில் இது குதிரை வேகம். போன வருஷம் ஒருவர் சல்லடை போட்டுத் தேடிய மேட்டில் இந்த வருஷம் வேறு கல் தலைகாட்டும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2013-ல் நான் புல்வெளிக்குப் போனது மொத்தம் ஆறு நாள். மகள் காரில் கொண்டுபோய் விடுவாள். தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு கம்பு. கம்பு நடப்பதற்கு மட்டுமில்லை. அங்கே கிலுகிலுப்பை விரியன் உண்டு. கல் இடுக்கில் கையை விடுவதற்கு முன் கம்பை விட வேண்டும். காலுக்குக் கீழே சப்பாத்திக்கள்ளி. நம் ஊர்க் கள்ளி மாதிரி நிமிர்ந்து நிற்காது, தரையோடு படுத்துக் கிடந்து செருப்பைத் துளைக்கும். பொட்டல் வெயில். முப்பத்தைந்து ஆண்டு இந்திய அரசாங்க வெயிலில் வெந்தவனுக்கே தலை சுற்றியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது நாள் ஒரு கல் கிடைத்தது. எலுமிச்சம்பழ அளவு. மஞ்சள், பழுப்பு, வெள்ளை என்று அழகான வரி. கையில் எடுத்ததும் கத்தியால் கீறிப் பார்த்தேன். கீறவில்லை, கத்தியின் இரும்புதான் கல்மேல் சாம்பல் கோடாக ஒட்டியது. கடினத்தன்மை 7, சந்தேகமே இல்லை, அகேட். புத்தகத்தில் ஃபேர்பர்ன் வரியுள்ள அகேட் என்று போட்டிருந்தது. வரி இருக்கிறது, அகேட், கிடைத்த இடம் ஃபேர்பர்ன் வட்டாரம். வேறென்ன வேண்டும்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஊருக்கு வந்ததும் 2014 ஜனவரியில் அந்தக் கல்லைக் கொண்டுவந்து நம் துறை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தேன். லேபிளையும் நானே டைப் அடித்துக் கொண்டுவந்தேன்: "ஃபேர்பர்ன் அகேட், தெற்கு டகோட்டா. அன்பளிப்பு: முன்னாள் மாணவர், 1976." சின்ன விழா, போட்டோ எல்லாம் உண்டு. பேராசிரியர் அப்போது ஓய்வுபெற்று வெகு காலம் ஆகியிருந்தது. ஆனாலும் வாரம் ஒரு முறை துறைக்கு வந்து அலமாரியைத் துடைத்துவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவர் கையெழுத்து. நான்கு வரிதான்.

"அன்புள்ள தம்பிக்கு, உன் கல்லைப் பார்த்தேன். நல்ல கல். தெப்பக்குளத்துப் படிகள் மூலையில் எல்லாம் ஒருசேரத் திரும்புமே, இதில் எந்த வரியும் அப்படித் திரும்பக் காணோம். நறுக்கின வெங்காயம் மாதிரி வழுவழுவென்று போகிறது. நான் அந்த ஊரைப் பார்த்ததில்லை, நீ பார்த்தவன். இன்னொரு தடவை பார்த்து எழுது. கல்லும் உன்னுடையது, லேபிளும் உன்னுடையது."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்டவன், நேரில் போய்ப் பொறுக்கி வந்தவன். இவர் இங்கே உட்கார்ந்துகொண்டு வெங்காயம் என்கிறாரே என்று. பதில் போடவில்லை. அப்புறம் போடலாம், அப்புறம் போடலாம் என்று இரண்டு வருஷம் ஓடியது. 2016-ல் அவர் காலமாகிவிட்டார்.

2017-ல் மறுபடி ராப்பிட் சிட்டி. அங்கே சுரங்கவியல் கல்லூரி ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு நிலவியல் அருங்காட்சியகம். அதில் ஃபேர்பர்ன் அகேட்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். முதல் கல்லைப் பார்த்தேன். இரண்டாவது, மூன்றாவது. எல்லாவற்றிலும் படிகள் மூலை திரும்பின. மகள், "என்னப்பா ஆச்சு, உட்கார்றீங்களா?" என்று கேட்டாள்.

விளக்கமாகச் சொல்கிறேன், மாணவர்கள் கவனியுங்கள். ஃபேர்பர்ன் வரிகள் நூல் மாதிரி மெல்லியவை. ஒன்றை ஒட்டி ஒன்றாக, நிறம் மாறி மாறிப் போகும். கறுப்பு, வெள்ளை, சாக்லெட், ரோஜா நிறம். அவை ஒரு மூடிய வடிவத்தைச் சுற்றி வரும். சுற்றி வரும்போது கூர்மையான மூலைகளில் மடங்கும். ஒரு வரி மடங்கிய இடத்தில் அடுத்த வரியும், அதற்கடுத்த வரியும் மடங்கும். மேலிருந்து பார்த்தால் கோட்டை மதிலின் வரைபடம்போல் இருப்பதால் இதைக் கோட்டை வரி என்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் ஹாலி இலை என்று ஓர் இலையைச் சொல்வார்கள். நம் கடலோரக் கழிமுகங்களில் உள்ள கழுதைமுள்ளி இலையின் ஓரம் கிட்டத்தட்ட அப்படித்தான்.

நான் கொண்டுவந்தது ப்ரெய்ரி அகேட். அதுவும் சிலிக்கா, அதே கடினம், அதே சரளையில் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பது. அதற்கும் வரி உண்டு. ஆனால் வரி அகலமாக, நேராகவோ வளைவாகவோ போகும். பெரும்பாலும் ஒளி புகாது. மூலை கிடையாது. அங்கே ஒரு நாளில் நூறு பொறுக்கலாம். கத்தி இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது, ஏனென்றால் இரண்டுமே கத்தியைவிடக் கடினம். சுண்ணாம்புக் கல்லையும் களிமண் கட்டியையும் ஒதுக்கத்தான் கத்தி. நான் எந்தக் கேள்விக்கு விடை சொல்லாத சோதனையை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு விடை எழுதினேன் என்று இப்போது தெரிகிறதல்லவா?

இன்னும் சில உண்டு. மேற்பரப்பு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாக, மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இருந்தால் பபுள்கம் அகேட். இதுவும் அகேட்தான், உள்ளே சில சமயம் நல்ல வரி இருக்கும். ஜாஸ்பர் என்றால் ஒளி புகாத சிவப்பு, மஞ்சள். கல்லான மரத்தில் நார் ஓட்டம் தெரியும். ரோஜா நிறப் படிகத் துண்டு மலையிலிருந்து உருண்டு வந்தது, வரியே இருக்காது. இவை எல்லாம் தெரிந்த பிறகுதான் கண் பழகுகிறது. கடையில் தொங்குகிற ஊதா, நீல அகேட் சாவிக்கொத்துகளைச் சிலர் என்னிடம் காட்டினார்கள். அது சாயம். ஜெர்மனியில் இடார்-ஓபர்ஸ்டைன் ஊரார் இருநூறு வருஷமாக அதில் கைதேர்ந்தவர்கள். சர்க்கரைப் பாகில் ஊறவைத்து அமிலத்தில் போட்டால் கறுப்பு வரி வரும். அந்த நிறத்தை நம்பிப் புல்வெளிக்குப் போனால் வெறுங்கையோடுதான் வர வேண்டும்.

2017-ல் எனக்கு ஃபேர்பர்ன் கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாள் போனேன். ஆனால் வேறு பாடங்கள் கிடைத்தன. மேட்டில் அங்கே தேட வந்த ஒரு முதியவர் சொல்லிக் கொடுத்தார்: சூரியனுக்கு எதிர்முகமாக நட, காலையிலோ சாயங்காலமோ. ஒளி ஓரளவு ஊடுருவுகிற கல் விளக்கு வைத்த மாதிரித் தெரியும். மழை பெய்த மறுநாள் போ, மழை புழுதியைக் கழுவி வைத்திருக்கும். ஆனால் மழை பெய்த அன்றே போகாதே. அந்தக் களிமண் நனைந்தால் வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகர விடாது. ஒரு தடவை நாங்கள் மாட்டிக்கொண்டு மண் காய்கிற வரை நான்கு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். மனைவி புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தது புண்ணியம். சுத்தியால் உடைத்துப் பார்க்காதே என்றும் அவர் சொன்னார். நாம் வகுப்பில் பழகியது உடைத்துப் பார்ப்பது. அங்கே கல்லை இயற்கையாக இருக்கிற முகத்தோடு வைத்துக்கொள்வதுதான் மதிப்பு. ஒரு ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடித்தால் வரி எழும்பித் தெரியும், அது போதும்.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதும் முக்கியம். தேசியப் புல்வெளியில் மேலாகக் கிடப்பதைச் சொந்தத்துக்குப் பொறுக்கலாம்; விற்பதற்காகப் பொறுக்கக் கூடாது. பக்கத்தில் பேட்லாண்ட்ஸ் தேசியப் பூங்கா எல்லைக்குள் ஒரு கூழாங்கல்கூடத் தொடக் கூடாது. தெற்கே பைன் ரிட்ஜ், அது ஓக்லாலா லக்கோட்டா மக்களின் நிலம். அவர்கள் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே தவறு. வேலி எங்கே, எல்லை எங்கே என்று பார்க்க வரைபடம் கையில் இருக்க வேண்டும். வால் என்ற ஊரில் புல்வெளிகளுக்கென்றே ஒரு தகவல் மையம் இருக்கிறது, கேட்டால் சொல்வார்கள். முதுகெலும்புள்ள பிராணிகளின் எலும்புப் புதைபடிவங்களுக்கு 2009-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. நான் ஒரு நாள் ஆமை ஓடு ஒன்றைப் பார்த்தேன். மூன்று கோடி வருஷத்துக்கு முந்தைய நில ஆமை, அந்தப் பக்கத்துக் களிமண்ணில் நிறைய உண்டு. பாதி வெளியே, பாதி மண்ணுக்குள். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன். அப்படியே விட்டுவிட்டு வந்தேன். அம்பு முனைக் கற்களும் அப்படித்தான், பார்க்கலாம், எடுக்கக் கூடாது.

மூன்றாம் முறை போனது 2022 ஜூன். முழங்கால் முன்பு மாதிரி இல்லை. ரெயில்ரோட் பட்ஸ் என்ற பகுதி, ராப்பிட் சிட்டிக்குத் தென்கிழக்கே. முந்தின நாள் ஆலங்கட்டியோடு மழை. காலை ஏழு மணிக்குச் சூரியனைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். வெங்காயம், வெங்காயம், ஜாஸ்பர், மரம், வெங்காயம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஒரு சின்னக் கல்லில் கண் நின்றது. பாக்கு அளவு. மேலே மங்கிய மண் நிறம், ஒரு பக்கம் எப்போதோ தெறித்து உள்முகம் தெரிந்தது. கையில் எடுக்கவில்லை. முதலில் குனிந்து தண்ணீர் அடித்தேன். வெள்ளை, சாக்லெட், வெள்ளை, வெளிர் ரோஜா. எண்ணினேன். நகம் அகலத்தில் பதினேழு வரி. பதினேழும் ஒரே இடத்தில் மூலை திரும்பின.

சந்தோஷம் வந்தது என்று சொல்ல ஆசைதான். முதலில் வந்தது அந்த நாலு வரிக் கடிதம்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு முன்னால் போய் ஒப்பிட்டேன். இருபது முப்பது வருஷமாகத் தேடுகிற மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டினேன், பெயர் சொல்லாமல். இரண்டு பேர் ஃபேர்பர்ன் என்றார்கள். மூன்றாமவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சின்னது" என்று திருப்பிக் கொடுத்தார். கல் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை, அளவில்தான் குறை. அதை நான் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை துறைக்குப் போனேன். என் எலுமிச்சம்பழம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு மாணவி, "இதுதான் சார் ஃபேர்பர்ன் அகேட், பிராக்டிகலுக்கு முன்னாடி இதை எல்லாரும் வரைஞ்சு வச்சுக்குவோம்" என்று விளக்கினாள். நான்தான் கொடுத்தவன் என்று அவளுக்குத் தெரியாது. எத்தனை ரெக்கார்டு நோட்டுகளில் என் தப்பு வரையப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். குனிந்து லேபிளைப் பார்த்தேன். "ஃபேர்பர்ன் அகேட்" என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் மிகச் சின்னதாக ஒரு கேள்விக்குறி. "இது என்னம்மா?" என்றேன். "ஏதோ கிறுக்கல் சார், ரொம்ப நாளா இருக்கு" என்றாள். அந்தப் பென்சில் யாருடையது என்று எனக்குத் தெரியும். சிவப்புக் கோடிட்ட அந்தக் குட்டைப் பென்சில் எப்போதும் அவர் காதில் சொருகியிருக்கும்.

மாணவர்களே, அந்தக் கல் ப்ரெய்ரி அகேட். நான் தப்பாக எழுதிக் கொடுத்தேன். உங்களில் யாராவது அதைப் பார்த்துப் பரீட்சை எழுதியிருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

பழைய கல்லை எடுத்துவிட வேண்டாம் என்று துறைத் தலைவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதோ, இந்தத் தீப்பெட்டிக்குள் இருப்பது இரண்டாவது கல். இரண்டும் அடுத்தடுத்து இருக்கட்டும். புது லேபிள் இரண்டும் டைப் அடித்து என் பையில் இருக்கின்றன. ஆனால் இப்போது ஒட்டப் போவதில்லை. சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு நான் மாடியில் கனிமவியல் லேபில் இருப்பேன். இரண்டு கல், ஒரு லென்ஸ், ஒரு ஸ்பிரே பாட்டில் மேஜையில் இருக்கும். வந்து பார்த்து எது எது என்று நீங்கள் சொல்லுங்கள். என் பேட்ச் நண்பர்களும் வரலாம், கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.